கடலோரத்துத் தண்டேலும் கற்கும் பொறியும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களின் கடற்கரையிலே வைகறை வேளையில் நின்றவர்கள் ஒரு காட்சியை நன்கு அறிவார்கள். படகைத் தள்ளுவதற்கு ஆட்கள் கூடி நிற்பார்கள். வலை ஏற்றப்பட்டிருக்கும், எரிபொருளும் ஊற்றப்பட்டிருக்கும். ஆயினும் படகு மணலை விட்டு நகராது. தண்டேல் சற்றுத் தள்ளி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். காற்று எந்தத் திக்கிலிருந்து வீசுகின்றது, நீரோட்டம் எப்பக்கம் இழுக்கின்றது, நேற்று எந்த இடத்தில் என்ன மீன் பட்டது, பறவைகள் எங்கே கூடுகின்றன என்பவற்றையெல்லாம் மனத்தினுள்ளே நிறுத்துப் பார்த்து, ஈற்றில் "தெற்கே போவோம்" என்று ஒரு சொல் சொல்லுவார். படகிலே செல்லும் அத்தனை பேருடைய அன்றைய ஊதியமும், சில நாட்களிலே அவர்களுடைய உயிருங்கூட, அந்த ஒரு சொல்லிலே அடங்கியிருக்கின்றன.

அந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது? அவர் அதை எந்த நூலிலும் படிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கடலுக்குப் போய்வந்த பழக்கம் அதனை அவருக்குக் கற்பித்தது. செய்து பார்ப்பது, பலனைக் காண்பது, அடுத்த முறை திருத்திக்கொள்வது என்னும் இந்தப் பள்ளிக்கூடத்திலே மனிதர் மட்டுமன்றி விலங்குகளும் பறவைகளும் பயில்கின்றன. சென்ற முக்கால் நூற்றாண்டாகப் பொறிகளும் இதே பள்ளிக்கூடத்திலே சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை எவ்வாறு கற்கின்றன, எவ்வாறு தீர்மானிக்கின்றன, எத்துறையிலும் தன் அறிவைச் செலுத்தவல்ல பொது நுண்ணறிவு என்பதற்கு அறிஞர் எத்தகைய இலக்கணம் வகுத்திருக்கின்றனர், அவ்விலக்கணம் எங்கே குறைபடுகின்றது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

இங்கிலாந்து நாட்டுக் கணித அறிஞர் அலன் டியூரிங் 1950 ஆம் ஆண்டிலே, பொறிகள் சிந்திக்குமா என்ற வினாவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். வளர்ந்த மனிதனுடைய மனத்தைப் பொறியிலே அமைக்க முயல்வதைவிட, ஒரு குழந்தையின் மனத்தைப் போன்ற எளிய பொறியை அமைத்து, அதற்குக் கல்வி புகட்டுவதே தக்க வழியாகலாம் என்று அதிலே அவர் எழுதினார். நற்செயலுக்குப் பரிசும் தவறுக்குத் தண்டனையும் கொடுத்து அக்குழந்தைப் பொறியை வளர்க்கலாம் என்பதும் அவர் கருத்து. ஐக்கிய அமெரிக்காவிலே ஐ. பி. எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆதர் சாமுவேல் என்பவர் இதனைச் செயலிலே காட்டினார். 'செக்கர்ஸ்' என்னும் பலகை ஆட்டத்தை ஆடும் ஒரு நிரலை அவர் எழுதி, அதைத் தன்னோடு தானே பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடவிட்டார். அது தன் வெற்றி தோல்விகளிலிருந்து கற்றுக்கொண்டது. அந்த ஆராய்ச்சியை அவர் 1959 ஆம் ஆண்டிலே வெளியிட்டார்.

இவ்வாறு கற்கும் பொருளை அறிஞர்கள் 'முகவர்' என்று அழைக்கின்றனர். அது பொறியாக இருக்கலாம், பூனையாக இருக்கலாம், தண்டேலாகவும் இருக்கலாம். முகவரைச் சுற்றி ஒரு சூழல் உண்டு. அச்சூழல் ஒவ்வொரு கணத்திலும் ஒரு நிலையிலே இருக்கும். முகவர் அந்த நிலையைக் கண்டு ஒரு செயலைத் தெரிந்தெடுக்கும். செயலின் பின்னர் சூழல் வேறொரு நிலைக்கு மாறும். முகவருக்கு ஒரு வெகுமதியும் கிடைக்கும். அவ்வெகுமதி பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கலாம், இழப்பாகவும் அமையலாம். நீண்ட காலத்திலே மொத்த வெகுமதி மிகும்படி செயல்களைத் தெரிந்தெடுக்கக் கற்பதே முகவரின் தொழில். இம்முறைக்கு 'வலுவூட்டற் கற்றல்' என்று பெயர்.

இந்தக் கற்றலின் உள்ளே நடப்பது மிகவும் எளிமையான ஒரு கணக்கு. தண்டேல் ஓரிடத்தில் வலையிட்டால் 40 கிலோ மீன் கிடைக்கும் என்று எதிர்பார்க்கின்றார் என வைத்துக்கொள்வோம். இன்று 60 கிலோ கிடைத்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் வேறுபாடு 20 கிலோ. அவர் தமது மதிப்பை உடனே 60 ஆக உயர்த்திவிடுவதில்லை. ஒரு நாளைய அதிர்ஷ்டம் நாளையும் வரும் என்று நம்புபவர் அல்லர். அதற்காக அப்படியே 40 இல் நிறுத்திவிடுவதும் இல்லை. வேறுபாட்டிலே பத்தில் ஒரு பங்கை மட்டும் சேர்த்து 42 என்று கொள்ளுகின்றார். நாளை 32 கிலோ கிடைத்தால் வேறுபாடு 10. அதிலே பத்தில் ஒரு பங்கைக் குறைத்து 41 என்பார். நூறு நாள் இவ்வாறு செய்தால் அவர் மனத்திலுள்ள எண் கடலின் உண்மை நிலையை ஓரளவு தழுவி நிற்கும். பொறியும் இதனையே செய்கின்றது. எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலுள்ள பிழைதான் அதற்கு ஆசிரியர். பிழை இல்லாத இடத்திலே கற்றலும் இல்லை.

ஆனால், மதிப்பீடு கையிலே வந்துவிட்டால் தீர்மானம் எளிதாகிவிடும் என்று எண்ணலாகாது. மிக அதிக மதிப்புள்ள இடத்துக்கே நாள்தோறும் போனால் என்ன என்று கேட்கலாம். ஒரு மூத்த தண்டேலும் அவருடைய பேரனும் கரையிலே பேசிக்கொள்வதாக எண்ணிப் பாருங்கள்.

"மூத்தாப்பா, நேத்து மீன் பட்ட இடத்துக்கே இண்டைக்கும் போவமே?"

"போகலாம் மகன். ஆனா மாசத்தில ரெண்டு மூணு நாளைக்காவது வேற இடம் பார்க்காட்டி, கடல் மாறினது நமக்கு எப்பிடித் தெரியும்?"

"போற இடத்தில ஒண்டும் படாட்டி?"

"படாத இடம் எதெண்டு தெரிஞ்சுக்கிறதும் ஒரு உழைப்புத்தான்."

இந்தச் சிறு உரையாடலிலே கற்றற் கோட்பாட்டின் மையச் சிக்கல் அடங்கியிருக்கின்றது. அறிந்ததைக் கொண்டு பயன்பெறுவது ஒன்று. அறியாததைத் தேடிப் போவது மற்றொன்று. முன்னதை மட்டும் செய்பவன் பழக்கத்துக்கு அடிமையாவான். பின்னதை மட்டும் செய்பவன் பட்டினி கிடப்பான். 1933 ஆம் ஆண்டிலேயே வில்லியம் தொம்சன் என்பவர் இச்சிக்கலைக் கணித முறையில் ஆராய்ந்தார். இரண்டு மருத்துவ முறைகளிலே எது சிறந்தது என்று தெளிவாகத் தெரியாத போது, வருகின்ற நோயாளருக்கு எதனைக் கொடுப்பது என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. ஒவ்வொரு முறையும் சிறந்ததாக இருக்கக்கூடிய வாய்ப்பு எவ்வளவோ, அந்த அளவுக்கு அதனைக் கையாளவேண்டும் என்று அவர் வழி சொன்னார். ஐயம் மிகுந்திருக்கும் போது தேடல் மிகும். ஐயம் தெளியத் தெளியத் தேடல் தானாகவே குறையும். அவர் சொன்ன வழி இன்றும் பொறிகளிலே கையாளப்படுகின்றது.

இரண்டாவது சிக்கல் காலத்தைப் பற்றியது. கடலிலே வலையிட்ட அன்றே பலன் தெரிந்துவிடும். சம்மாந்துறை வயல்வெளியைப் பாருங்கள். பெரும்போகத்திலே மழையை எதிர்பார்த்து விதைத்த நெல் பல மாதங்கள் கழிந்த பின்னரே களத்துக்கு வருகின்றது. அதற்கிடையிலே உழவன் நூறு தீர்மானங்கள் எடுத்திருப்பான். எந்த விதையை எந்த நாளில் விதைத்தான், எப்போது தண்ணீர் கட்டினான், எப்போது பசளை போட்டான், பூச்சிக்கு மருந்து அடித்தானா விட்டானா என்று கணக்கு நீளும். அறுவடையிலே சில மூடைகள் குறைந்தால், அந்த நூறிலே எந்தத் தீர்மானத்தின் மீது பழியைச் சுமத்துவது? ஏக்கருக்கு இத்தனை மூடை என்ற ஓர் எண் மட்டுமே ஈற்றிலே கிடைக்கின்றது. அது வாய் திறந்து காரணம் சொல்வதில்லை.

அமெரிக்கக் கணித அறிஞர் றிச்சட் பெல்மன் 1957 ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு திறவுகோலைத் தந்தார். ஒரு நிலையின் மதிப்பை அறிவதற்கு இறுதிவரை உள்ள எல்லா வழிகளையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இப்போது கிடைக்கும் வெகுமதியோடு அடுத்த நிலையின் மதிப்பைக் கூட்டினால் போதும் என்பது அவர் கண்ட தொடர்பு. அடுத்த நிலையின் மதிப்பு அதற்கடுத்த நிலையிலே தங்கியிருக்கும். இவ்வாறு இறுதியிலே கிடைக்கும் நெல்லின் மதிப்பு, படிப்படியாகப் பின்னோக்கி வந்து விதைப்பு நாளைத் தொடுகின்றது.

றிச்சட் சட்டன், அன்ட்ரூ பார்ட்டோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1980 களிலே இக்கருத்தைக் கற்றலோடு இணைத்தனர். முகவர் இறுதிப் பலன் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும் தன் எதிர்பார்ப்பு உயர்ந்ததா தாழ்ந்ததா என்று பார்த்து, முந்திய படியின் மதிப்பைத் திருத்திக்கொள்ளலாம். கடலிலே பறவைக் கூட்டத்தைக் கண்ட கணத்திலேயே படகிலுள்ளோர் முகம் மலர்கின்றதல்லவா? மீன் இன்னும் வலையிலே படவில்லை. ஆயினும் பறவை கண்ட நாட்களிலே மீன் பட்ட பழக்கம், மீனின் மதிப்பைப் பறவைக்கு ஏற்றிவிட்டது. இவ்விருவருக்கும் 2024 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது வழங்கப்பட்டது.

இதிலே வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. குரங்கின் மூளையிலே 'டோப்பமைன்' என்னும் பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள், பழச்சாறு கிடைக்கும் போது முதலிலே துடிப்படைகின்றன. சாறு வருவதற்கு முன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கினால், துடிப்பு சாற்றிலிருந்து நீங்கி அடையாளத்துக்கு இடம்பெயர்கின்றது. அடையாளம் தோன்றியும் சாறு வராவிட்டால், வரவேண்டிய நேரத்திலே துடிப்பு அடங்கிப்போகின்றது. எதிர்பார்ப்பின் பிழையையே அக்கலங்கள் அறிவிக்கின்றன என்று வொல்ப்ராம் ஷுல்ட்ஸ், பீட்டர் டயன், றீட் மொன்டேகு ஆகியோர் 1997 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினர். பொறிக்காக எழுதப்பட்ட கணக்கும் உயிரின் மூளையிலே நடப்பதும் ஒன்றையொன்று ஒத்திருந்தன.

நாளைய பலனை இன்றைய பலனோடு ஒப்பிடுவதற்கு, முகவர் எதிர்கால வெகுமதிகளுக்கு ஒரு கழிவு போடும். பத்தில் ஒரு பங்கு கழிவு என்றால், இன்று 100 ஆக மதிக்கப்படுவது நாளைக்கு 90, மறுநாளைக்கு 81 என்று குறைந்துகொண்டே போகும். கழிவு மிகுந்த முகவர் பொறுமையற்றது; கழிவு குறைந்தது தொலைநோக்குடையது. சிறுகண் வலையாலே குஞ்சு மீனையும் வாரிக்கொள்ளும் சம்மாட்டிக்கும், அதைக் கடலிலே விட்டுவிடும் சம்மாட்டிக்கும் இடையிலுள்ள வேறுபாடு, இந்த ஒரு சிறிய எண்ணிலே அடங்கிவிடுகின்றது. அந்த எண் எவ்வளவாக இருக்கவேண்டும் என்பதைப் பெரும்பாலும் பொறி தானே முடிவு செய்வதில்லை. அதை அமைப்பவரே முடிவு செய்கின்றார்.

இம்முறையால் விளைந்த சாதனைகள் பல. 1992 ஆம் ஆண்டளவில் ஜெரால்ட் டெசௌரோ அமைத்த நிரல் 'பக்கமன்' என்னும் தாய ஆட்டத்திலே வல்லவர்களை நெருங்கியது. 2016 மார்ச் மாதத்திலே 'அல்பாகோ' என்ற நிரல், 'கோ' ஆட்டத்தின் மாவீரராகிய கொரியாவின் லீ செடோலை ஐந்து ஆட்டங்களிலே நான்கில் வென்றது. இன்று கைப்பேசியிலே தமிழில் விடையிறுக்கும் உரையாடற் பொறிகளும், பெருந்தொகையான எழுத்துக்களைப் படித்த பின்னர், மனிதர் விரும்பிய விடைக்கு வெகுமதி என்ற முறையாலே திருத்தப்பட்டவையே.

ஆனால் இச்சாதனைகளிலே ஒரு குறை நெடுநாள் இருந்துவந்தது. 'கோ' ஆடும் அந்த நிரலுக்குச் சதுரங்கம் தெரியாது. கல்முனைத் தண்டேலைத் திருகோணமலைக் கடலிலே கொண்டுபோய் விட்டால், அவர் முதல் நாளே கற்கத் தொடங்குபவனாக மாறிவிடமாட்டார். காற்றையும் நீரோட்டத்தையும் படிக்கும் பொது அறிவு அவரோடு கூடவே வரும். பொறிக்கு அந்தப் பொது அறிவு எளிதிலே வருவதில்லை. சென்னையிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்திலே பேராசிரியராக விளங்கும் பாலராமன் ரவீந்திரன், மேலே சொன்ன பார்ட்டோவிடம் பயின்று 2004 ஆம் ஆண்டிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். வெளித்தோற்றத்தில் வேறுபட்ட இரு சிக்கல்கள் உள்ளமைப்பிலே ஒன்றாக இருக்கக்கூடும். அந்த ஒப்புமையை முகவர் கண்டுகொண்டால், ஒன்றிலே கற்றதை மற்றொன்றிலே பயன்படுத்தலாம் என்பதனை அவர் கணித முறையில் ஆராய்ந்தார். இத்துறையின் ஆராய்ச்சி சென்னையிலே வேரூன்றியதிலே அவருக்குப் பெரும் பங்குண்டு.

அவ்வாறாயின், எல்லாச் சூழலிலும் செயலாற்றவல்ல பொது நுண்ணறிவுக்கு இலக்கணம் வகுக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் மார்க்கஸ் ஹட்டர். அவருடைய கோட்பாட்டின் அடித்தளம் றே சொலொமொனொவ் 1964 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆராய்ச்சியாகும். நாம் கண்டவற்றை விளக்கக்கூடிய எல்லா விதிகளையும் மனத்திலே கொள்க. எளிய விதிக்கு அதிக எடையும் சிக்கலான விதிக்குக் குறைந்த எடையும் தருக. அவ்வெடைப்படி அடுத்து வருவதை எதிர்பார்க்க என்பது சொலொமொனொவின் முறை. இதனோடு பெல்மனின் தீர்மான முறையைச் சேர்த்து, ஹட்டர் 2000 ஆம் ஆண்டிலே ஓர் இலட்சிய முகவரை வரையறுத்தார். உலகம் எவ்வாறெல்லாம் இருக்கக்கூடும் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எளிமைக்கேற்ப எடை தந்து, அவை எல்லாவற்றிலும் எதிர்பார்க்கத்தக்க மொத்த வெகுமதி மிகும் செயலை அது தெரிந்தெடுக்கும். ஷேன் லெக் என்பவரோடு சேர்ந்து 2007 ஆம் ஆண்டிலே அவர் தந்த வரைவிலக்கணம் இன்னும் சுருக்கமானது: பல்வகைச் சூழல்களிலும் தன் இலக்கை அடையும் ஆற்றலே நுண்ணறிவு.

கேட்பதற்கு இது நிறைவாகத் தோன்றும். ஆனால் இந்த இலட்சிய முகவரை எந்தப் பொறியிலும் முழுமையாக அமைக்க முடியாது. அளவற்ற விதிகளை எண்ணி முடிக்க எவருக்கும் காலம் போதாது என்பது மட்டுமன்று. அந்தக் கணக்கைச் செய்து முடிக்கும் நிரல் எதுவும் இருக்க முடியாது என்பதே கணிதம் கூறும் முடிவு. உண்மையான முகவர் எதுவும், மனிதர் உட்பட, குறுக்குவழிகளையே நாடவேண்டும். ஹேர்பட் சைமன் இதனை 1950 களிலேயே வற்புறுத்தினார். மனிதர் மிகச் சிறந்ததைத் தேடி முடிப்பதில்லை. போதுமானது கிடைத்தவுடன் நின்றுவிடுகின்றனர் என்றார் அவர். தண்டேல் கடல் முழுவதையும் கணக்கிட்டுவிட்டு "தெற்கே போவோம்" என்று சொல்லவில்லை. படகு தள்ளும் நேரம் வந்துவிட்டது, கையிலுள்ள அறிவு போதும் என்றே சொல்லுகின்றார்.

நேயர்களே, இதுவரை கூறியவற்றிலே இரண்டு பொருள்கள் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று, முகவருக்குத் தரப்படும் வெகுமதி நாம் விரும்புவதையே குறிக்கின்றது என்பது. மற்றொன்று, முகவரின் அனுபவம் உலகத்தைப் போதிய அளவு காட்டியிருக்கின்றது என்பது. இவ்விரண்டிலும் பிழை நேர்ந்தால் கணக்கு எவ்வளவு சரியாக இருப்பினும் பயனில்லை.

முதலாவதற்கு ஒரு படகுக் கதையையே சொல்லலாம். 2016 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், படகுப் பந்தய விளையாட்டு ஒன்றிலே ஒரு கற்கும் முகவரைப் பழக்கினர். பந்தயத்தை முடிப்பதற்கென்று புள்ளி வைக்கப்படவில்லை. வழியிலுள்ள இலக்குகளை இடித்துச் செல்வதற்கே புள்ளிகள் கிடைத்தன. முகவர் என்ன கற்றது தெரியுமா? ஒரு சிறு நீர்நிலைக்குள் வட்டமிட்டுக்கொண்டு, மீண்டும் மீண்டும் தோன்றும் மூன்று இலக்குகளை இடித்துக்கொண்டே இருந்தது. படகு தீப்பற்றியது, மற்றப் படகுகளோடு மோதியது, பந்தயம் முடியவே இல்லை. ஆயினும் மனிதர் எடுத்ததைவிட அதிகப் புள்ளிகளை அது பெற்றது. அது தவறு செய்ததாகச் சொல்ல முடியாது. நாம் எழுதிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது. கரைக்கு வந்து சேரவேண்டும் என்பது நம் மனத்திலே இருந்தது, கணக்கிலே இல்லை. உரையாடற் பொறிக்கும் இது பொருந்தும். கேட்பவர் விரும்பிய விடைக்கே வெகுமதி என்றால், உண்மையான விடையைவிட இனிக்கும் விடையை அது கற்றுக்கொள்ளக்கூடும்.

இரண்டாவது குறையைச் சொல்ல நம் கரைக்கே திரும்பவேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியிலே பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குள்ளே அதன் பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர்க் கரைகளை வந்தடைந்தது. இலங்கையிலே 30,000 க்கும் அதிகமானோர் இறந்தனர்; மாவட்டங்களிலே மிகப் பெரும் உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்துக்கே நேர்ந்தது. பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் இக்கரையிலே மறைந்தன.

அக்கரையிலே கடலை அறியாதவர் இருந்தார்களா? வாடையையும் கச்சானையும் மூச்சுக்காற்றைப் போல அறிந்தவர்கள் இருந்தனர். 1978 நவம்பரிலே மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்களும் இருந்தனர். ஆயினும் அந்தக் காலையைப் போன்ற காலை எவருடைய அனுபவத்திலும் இருந்ததில்லை. 1883 ஆம் ஆண்டிலே கிரக்கத்தோவா எரிமலை வெடித்த போது இலங்கைக் கரையிலும் கடல் ஏறி இறங்கியது. ஆனால் அது நூற்றிருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி. செய்து பார்த்துக் கற்கும் முறைக்கு இங்கே இடமே இல்லை. பத்தில் ஒரு பங்கு திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு அந்தப் பிழை இடந்தரவில்லை. ஆயிரம் நாட்கள் அமைதியாக இருந்த கரைக்கு உயர்ந்த மதிப்பைக் கொடுக்கும் கணக்கு, ஆயிரத்தொராவது நாளைப் பற்றி ஒன்றும் அறியாது. பொறியும் அப்படியே. அதனுடைய அனுபவத்திலே ஒருபோதும் வராத ஆபத்துக்கு, அதனுடைய மதிப்பேட்டிலே பக்கமே இல்லை.

ஆனால் அதே நாளிலே, அதிர்ச்சி எழுந்த இடத்துக்கு மிக அருகிலே உள்ள சிமியுலு என்னும் தீவிலே வேறொன்று நிகழ்ந்தது. அத்தீவிலே 1907 ஆம் ஆண்டில் ஒரு பேரலை பெரும் அழிவைச் செய்திருந்தது. நிலம் பலமாக அதிர்ந்து கடலும் உள்வாங்கினால் காத்திராமல் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதை அன்றைய மக்கள் தம் பிள்ளைகளுக்கும், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்கும் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லிவந்தனர். 'ஸ்மொங்' என்ற ஒரு சொல்லே அவ்வறிவுக்குப் பெயர். 2004 இலே ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவிலே இறந்தவர் எழுவர் மட்டுமே. அவர்கள் தாமே அனுபவித்துக் கற்கவில்லை. பிறர் பட்டதைக் கேட்டுக் கற்றனர். இது கற்றலின் மற்றொரு வழி. வெகுமதிக் கணக்கிலே அடங்காதது. பேச்சும் நினைவும் மரியாதையும் உள்ள ஒரு சமூகத்திலேதான் அது வாழும்.

அதன் பின்னர் இந்து சமுத்திரத்துக்கென ஒரு சுனாமி எச்சரிக்கை ஒழுங்கு அமைக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டிலிருந்து இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் அதனை நடத்திவருகின்றன. பூமியதிர்ச்சிக் கருவிகளும் கடலிலே மிதக்கும் மானிகளும் செய்தி தருகின்றன. கற்கும் பொறிகளும் இவ்வகைப் பணிகளிலே துணைபுரியத் தொடங்கியுள்ளன. மீன்வளத்தைக் கணிக்கவும், மழையை முன்னறியவும், வாய்க்காலில் விடும் நீரை அளவிடவும் அவை நம் ஊர்களுக்கு நாளடைவிலே வரக்கூடும். வரும்போது அவற்றை அஞ்சி ஒதுக்கவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேட்டு அவற்றை ஏற்றுக்கொள்ளலாம். இப்பொறிக்கு வெகுமதி எதற்குக் கொடுக்கப்பட்டது? இது கண்ட அனுபவத்திலே எந்த நாட்கள் அடங்கவில்லை? இது பிழைத்தால் அதன் இழப்பை ஏற்பவர் யார்?

மூன்றாவது கேள்விக்கான விடையைத் தண்டேல் அறிவார். அவர் "தெற்கே போவோம்" என்று சொல்லும் போது தாமும் அதே படகிலே ஏறுகின்றார். பொறி ஏறுவதில்லை. அது சொல்லும் திசையை ஏற்பதும் மறுப்பதும் படகிலே ஏறுபவர்களின் கையிலேயே இருக்கவேண்டும். கரையிலே நிற்கும் பேரனுக்கு அந்தப் பொறியை இயக்கக் கற்றுக்கொடுப்போம். 2004 ஆம் ஆண்டின் அந்தக் காலையையும், கேட்கக் கேட்கச் சலியாமல், அவனுக்குச் சொல்லிக்கொடுப்போம்.